தொழில்நுட்ப வேலையிலிருந்து வீட்டுச் சீரமைப்பு ஃபிரான்சைஸுக்கு: கையெழுத்துப் போடுமுன் எதைப் பார்ப்பது?

தரவுக்காரி

வணக்கம். இத்தனை காலமும் தரவுத்தளம், சர்வர் என்றே வேலை பார்த்துவிட்டேன். கடைசிச் சில ஆண்டுகளாகக் குழுத் தலைமை. வேலை பிடிக்காமல் இல்லை. ஆனால் முடிவெடுப்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் இன்னொருவர், பலனைப் பார்ப்பவர் வேறு யாரோ என்ற ஏற்பாடு போதும் என்று தோன்றிவிட்டது.

சொந்தத் தொழில் தேடியபோது சமையலறை, குளியலறை சீரமைப்புச் செய்யும் ஒரு ஃபிரான்சைஸ், அதாவது தலைமை நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் நாமே நடத்தும் கிளை, கண்ணில் பட்டது. பேச்சு வளர்ந்து, கையெழுத்துக்கு முன் நிறுவனம் தன் விவரங்களை எழுதித் தரும் வெளிப்படுத்தல் ஆவணம் கைக்கு வந்திருக்கிறது. புது வீடுகள் விற்காத காலத்திலும் இருக்கிற வீட்டின் குழாய் ஒழுகத்தான் செய்யும் என்பதால் இந்தத் துறை மேல் நம்பிக்கை.

தலைமை நிறுவனத்தின் பிரதிநிதி திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: "உங்களுக்குக் கட்டட வேலை தெரிய வேண்டியதில்லை, நிர்வாகம் தெரிந்தால் போதும், முறைகளை நாங்கள் தருகிறோம்." இது எவ்வளவு தூரம் உண்மை? வரவிலிருந்து அவர்களுக்குக் கட்டும் ராயல்டி போக என்ன மிஞ்சும்? இப்போது நடத்துபவர்களிடம் எதைக் கேட்டால் நிஜ நிலவரம் தெரியும்? நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் சரி, அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ரசமட்டம்

நானும் நெட்வொர்க் பொறியாளராக இருந்து இங்கே வந்தவன். இதே வகை ஃபிரான்சைஸ்தான் நடத்துகிறேன், பெரும்பாலும் குளியலறைகள்.

பிரதிநிதி சொன்னதில் பாதி உண்மை. உங்கள் கையால் டைல்ஸ் ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒட்டியது சரியா, "இந்தச் சுவரை உடைக்க நான்கு நாள் ஆகும்" என்று மேஸ்திரி சொல்வது நியாயமா என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாத முதலாளியிடம் நல்ல வேலைக்காரர்கள் நிற்பதில்லை. ஏமாற்ற நினைப்பவர்கள் மட்டும் நிற்பார்கள்.

இன்னொன்றைப் பிரதிநிதி சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் வாங்கப்போவது முதலில் ஒரு விற்பனைத் தொழில், கட்டட வேலை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. காலையில் வேலை நடக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பேன். பகலில் பொருள் ஆர்டர், அனுமதி விண்ணப்பம், ஆட்களை எந்த நாளில் எங்கே அனுப்புவது என்ற கணக்கு. மாலையும் சனிக்கிழமையும் புது வாடிக்கையாளர் வீடுகள். கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் நேரம் அதுதான், இருவரும் உட்காராமல் ஒப்பந்தம் முடிவதே இல்லை. முன்பின் தெரியாதவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவர்கள் பல ஆண்டு சேமித்த பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த நேரம் உங்களுக்குப் பிடிக்குமா, குறைந்தது தாங்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். தொழில்நுட்பத்திலிருந்து வந்த எத்தனையோ பேர் அட்டவணையையும் மென்பொருளையும் அழகாகச் சரிசெய்துவிட்டு, இந்த மேசைக்குப் போவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நிலைத்தவர்கள் குறைவு.

ஃபிரான்சைஸ் எனக்குத் தந்தது: பெயர், விசாரிப்புகள் வரும் வழி, எஸ்டிமேட் போடும் மென்பொருள், விலைப்பட்டியல், சப்ளையர்களிடம் தள்ளுபடி, ஆரம்பப் பயிற்சி. தராதது: ஆட்கள். பிளம்பரையும் தச்சரையும் டைல்ஸ் மேஸ்திரியையும் நீங்களேதான் தேடிப் பிடித்துத் தக்கவைக்க வேண்டும். என் கணக்கில் தொழிலே அதுதான்.

வரவுசெலவு

ராயல்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கணக்காளர், இந்த வகைத் தொழில்கள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். முதலில் மனதில் பதிய வேண்டியது: ராயல்டி மொத்த வரவின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அல்ல. ஒரு வேலையில் உங்களுக்கு நஷ்டம் வந்தாலும் அதற்கும் ராயல்டி உண்டு. பல ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச ராயல்டி என்று வேறு இருக்கும். வேலையே வராத மாதத்திலும் அதைக் கட்ட வேண்டும்.

ஓர் உதாரணம். வாடிக்கையாளர் தரும் மொத்தத் தொகை 100. பொருள், கூலி, துணை ஒப்பந்தக்காரர் எல்லாம் சேர்த்து நேரடிச் செலவு 65. மிச்சம் 35. இதில் ராயல்டி 6, தலைமை நிறுவனத்துக்குக் கட்டும் விளம்பர நிதி 2, உள்ளூரில் நீங்களே செய்யும் விளம்பரம் 7 என்று வைத்துக்கொள்வோம். 20 மிஞ்சும். இந்த 20-இல்தான் வாடகை, வண்டி, காப்பீடு, அலுவலக ஆள், வடிவமைப்பாளர், மென்பொருள் கட்டணம், வட்டி, கடைசியில் உங்கள் சம்பளம். இப்போது நேரடிச் செலவு 10 சதவீதம் கூடிவிட்டது, அதாவது 65 என்பது 71.5 ஆனது. 20 என்பது 13.5 ஆகிவிடும். சுவரை உடைத்த பிறகு அழுகிய மரச்சட்டம் தென்பட்டு, அதற்கு வாடிக்கையாளரிடம் தனியாக எழுதி வாங்காமல் விட்டால் இவ்வளவு எளிதாக இது நடந்துவிடும்.

அடுத்தது, பொறியாளர்களும் சறுக்கும் ஒரு கணக்கு. "எனக்கு 35 சதவீத மார்ஜின் வேண்டும்", அதாவது விலையில் 35 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு செலவோடு 35 சதவீதத்தைக் கூட்டுகிறார்கள். 65-உடன் 35 சதவீதம் கூட்டினால் 87.75. அதில் உங்கள் மிச்சம் 22.75, அதாவது மார்ஜின் 26 சதவீதம்கூட இல்லை. ராயல்டியும் விளம்பரமும் சேர்த்து அதே 15 சதவீதம் போனால் கையில் நிற்பது 10-க்கும் கீழே. சரியான வழி, செலவை 0.65-ஆல் வகுப்பது. அப்போதுதான் 100 வரும். செலவின் மேல் பார்த்தால் அது ஏறக்குறைய 54 சதவீதக் கூட்டல். விலையைக் கேட்கும்போது உங்களுக்கே அதிகமாகத் தோன்றும். அந்தத் தயக்கத்தில் குறைத்துச் சொல்பவர்கள்தான் வேலை நிறைய வைத்துக்கொண்டும் கையில் காசு இல்லாமல் தவிக்கிறார்கள்.

சாளரம்

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். ராயல்டி, விளம்பர நிதி என்று 8 சதவீதத்தை ஆண்டு முழுவதும் கொடுப்பதற்குப் பதில், உரிமம் எடுத்துச் சொந்தப் பெயரில் ஆரம்பித்தால் என்ன?

ரசமட்டம்

உரிமம் அவ்வளவு சுலபமில்லை சாளரம். இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாகக் கலிஃபோர்னியாவில் ஒப்பந்தக்காரர் உரிமத்துக்குத் தகுதியாளர் ஒருவர் வேண்டும். அவருக்குக் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டு தேர்ந்த தொழிலாளி நிலை அனுபவமாவது இருக்க வேண்டும். சர்வர் அறையில் கழித்த ஆண்டுகள் அதில் சேராது. அதனால் அப்படிப்பட்ட தகுதி உள்ள ஒருவரை நியமித்து அவர் பேரில் உரிமம் எடுப்பார்கள். ஃபிரான்சைஸ் வாங்கினாலும் இந்த விதி உங்களுக்கும் பொருந்தும். அந்த ஆள் விலகினால் குறிப்பிட்ட நாட்களுக்குள் வேறொருவரைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் நின்றுவிடும். ஒரே ஆளை நம்பித் தொழில் நிற்கும் இந்த இடத்தை, சர்வர் வைத்திருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஆளை முன்னதாகவே தயார் செய்யுங்கள்.

சாளரம்

சரி, புரிகிறது. அப்படியானால் அனுபவமுள்ள ஒருவரோடு கூட்டுச் சேர்வதும் ஒரு வழி. அதையும் விலைபோட்டுப் பார்க்கலாமே.

பத்தி_பதினேழு

நான் வணிக ஒப்பந்தச் சட்டம் பார்ப்பவன். ஆவணம் கையில் இருக்கிறது என்றீர்கள், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஃபிரான்சைஸ் விதி 1979-இல் நடைமுறைக்கு வந்தது, 2007-இல் திருத்தப்பட்டது. கையெழுத்துக்கோ பணம் கொடுப்பதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் ஆவணம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அதில் 23 பகுதிகள். கனடாவின் ஒன்டாரியோவில் 2000-ஆம் ஆண்டு ஆர்தர் விஷார்ட் சட்டம் இதே 14 நாளைக் கேட்கிறது. ஆவணமே தராவிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தருகிறது. ஆஸ்திரேலியாவிலும் 14 நாள் முன்னறிவிப்பு உண்டு, கையெழுத்துக்குப் பின் மனம் மாறினால் விலகவும் தனியாகக் கால அவகாசம் உண்டு. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஃபிரான்சைஸ் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, பொதுவான ஒப்பந்தச் சட்டம்தான். அங்கே இருப்பவர்கள் இந்த ஆவணத்தில் வரும் தகவலை எல்லாம் தாங்களே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

அமெரிக்க ஆவணமாக இருந்தால் நான் படிக்கும் வரிசை வேறு. முதலில் 20-ஆம் பகுதி. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கிளைகள் திறந்தன, மூடின, கைமாறின என்ற அட்டவணைகள் அதில் இருக்கும். சென்ற நிதியாண்டில் வெளியேறியவர்களின் பெயரும் கடைசியாகத் தெரிந்த தொடர்பும் இருக்கும். பிரதிநிதி உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும் ஆட்களை விட இந்தப் பட்டியல் பத்து மடங்கு மதிப்புள்ளது. அடுத்து 7-ஆம் பகுதி, ஆரம்ப முதலீடு. அதில் 'கூடுதல் நிதி' என்றொரு வரி வரும். பெரும்பாலும் அது மூன்று மாதச் செலவுக்கான தொகை மட்டுமே. சீரமைப்புத் தொழிலில் விசாரிப்பு வந்து, வரைபடம் முடிந்து, ஒப்பந்தமாகி, அனுமதி கிடைத்து, வேலை முடிந்து கடைசித் தவணை கைக்கு வருவதற்கே பல மாதங்கள் ஆகலாம். மூன்று மாதக் கணக்கை நம்பி இறங்காதீர்கள்.

19-ஆம் பகுதியில் வருமானத் தகவல் வரும். அதைத் தருவது கட்டாயமில்லை. தந்திருந்தால், அந்தச் சராசரிக்குள் யார் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்ற அடிக்குறிப்பைப் படியுங்கள். 12-ஆம் பகுதி உங்கள் எல்லை, அதாவது உங்களுக்கு ஒதுக்கும் ஊர்ப்பகுதி. 17-ஆம் பகுதியில் புதுப்பித்தல், முறித்தல், வேறொருவருக்கு விற்பது, வெளியேறிய பின் அதே தொழிலைச் செய்யத் தடை ஆகியவை. சொந்த ஜாமீன் கேட்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் கையெழுத்துப் போட்டால், தனி நிறுவனம் பதிவு செய்திருந்தாலும் கடன் உங்கள் வீட்டு வாசல் வரை வரும்.

தரவுக்காரி

எல்லோருக்கும் நன்றி. 19-ஆம் பகுதி தந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டு முழுதும் நடத்தி முடித்த கிளைகளின் சராசரி மட்டும் அது. அதற்கு முன்பே மூடியவை அதில் இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது. விழுந்த சர்வர்களை விட்டுவிட்டு ஓடுகிற சர்வர்களை மட்டும் வைத்து நிலைத்தன்மை அறிக்கை எழுதினால் எங்கள் அலுவலகத்தில் யாரும் ஏற்க மாட்டார்கள். இங்கே ஏற்கச் சொல்கிறார்கள்.

ஒரு சந்தேகம். வேலை நடக்கும் வீட்டில் உண்மையில் எது தாமதமாகிறது? அட்டவணை போடுவது என் பலம் என்று நினைத்திருந்தேன்.

சாந்துக்கரண்டி

நான் டைல்ஸ், நீர்க்கசிவு தடுப்பு வேலை செய்பவன். ஃபிரான்சைஸ் வைத்திருக்கும் பலருக்குத் துணை ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், மேடம்.

ஒரு குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதை உடைப்பது, குழாயும் மின்கம்பியும் உள்ளே போடுவது, ஆய்வாளர் வந்து பார்ப்பது, பலகை அடிப்பது, கசிவுத் தடுப்புப் பூச்சு, அது காய்வது, பிறகு வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பார்ப்பது. இத்தனைக்கும் பிறகுதான் டைல்ஸ். அவசரம் என்று சொல்லி அந்தத் தண்ணீர்ச் சோதனையை விடச் சொன்ன முதலாளிகளும் உண்டு. நான் விட்டதில்லை. அடியில் கசிந்தால் கீழ்த்தளக் கூரையோடு சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும், யார் செலவு என்ற சண்டை தனி.

டைல்ஸ் முடிந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டுக்காரர் நினைப்பார். முடியாது. ஷவர் கண்ணாடிக் கதவுக்கு அளவு எடுப்பதே டைல்ஸ் ஒட்டிய பிறகுதான், ஏனென்றால் எந்தப் பழைய வீட்டிலும் சுவர் நேராக இருப்பதில்லை. அளவெடுத்து, வெட்டிப் பதப்படுத்திக் கண்ணாடி வருவதற்கு வாரங்கள் ஆகும். சமையலறையிலும் அப்படித்தான். கீழ் அலமாரிகளைப் பொருத்தி மட்டம் பார்த்த பிறகுதான் மேலே வரும் கல்லுக்கு அளவு எடுப்பார்கள். கல் வந்தால்தான் சிங்க், சிங்க் வந்தால்தான் பிளம்பரின் இரண்டாவது வருகை. இந்த இடைவெளிகளை முதல் நாளே வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிட்ட முதலாளிக்கு நிம்மதி. சொல்லாதவருக்குத் தினமும் போன்.

அட்டவணை உங்கள் பலம் என்றால் நல்லதுதான். ஆனால் நாங்கள் அட்டவணைக்காக வருவதில்லை. எங்களுக்கு நான்கைந்து பேர் வேலை தருகிறார்கள். யார் வேலைக்கு முதலில் போவோம் தெரியுமா? நாங்கள் போகும்போது முன் வேலை முடிந்திருக்கும் இடம், டைல்ஸ் பெட்டிகள் எண்ணி வைத்திருக்கும் இடம், முடித்த வாரத்திலேயே பணம் வரும் இடம். குழாய் வேலை முடியாத வீட்டுக்கு என்னை அனுப்பி ஒரு நாள் கூலியை வீணாக்கினால் அடுத்த முறை அந்த ஆளுக்கு என் நாட்காட்டியில் இடம் இருக்காது. பணத்தில் ஓரிரண்டு கூடக்குறைய இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வோம், இழுத்தடிப்பைப் பொறுப்பதில்லை.

பழைய வீடுகள் பற்றி ஒன்று. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ட் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கூலிக்குச் சீரமைப்பு வேலை செய்யும் நிறுவனம் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2010 முதல் அமலில் இருக்கிறது. சுரண்டுவது, உடைப்பது எல்லாம் தூசு பரவாத முறையில் செய்ய வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதற்கு வேறு ஆட்கள். எஸ்டிமேட் போடும்போதே வீட்டின் வயதைக் கேளுங்கள். அங்கே வேலை செய்யும் எங்கள் நெஞ்சுக்குள் போகும் தூசு அது.

வீட்டு_வரைபடம்

தரவுக்காரி, நான் வடிவமைப்பாளர், ஒரு சீரமைப்பு அலுவலகத்தில் இருக்கிறேன். கூடுதல் வேலைச் சீட்டு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேலை ஆரம்பித்த பிறகு வாடிக்கையாளர் மனம் மாறுவார். "இந்தக் குழாயை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்களேன்" என்பார். பிளம்பரும் முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் செய்துவிடுவார். கடைசியில் பில் வரும்போது "நான் சும்மா கேட்டேன், காசு என்று யாரும் சொல்லவில்லையே" என்பார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாததுதான் பிரச்சினை. எங்கள் அலுவலகத்தில் விதி ஒன்றே: விலையும் நாட்களும் எழுதிய சீட்டில் வாடிக்கையாளர் ஒப்புதல் தராமல் யாரும் எந்தக் குழாயையும் தொடக் கூடாது. கைபேசியில் அனுப்பி ஒப்புதல் வாங்கச் சில நிமிடம்தான் ஆகிறது.

மென்பொருள் துறையில் இருந்து வந்தவர்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது, அதுதான் உங்களுடைய பெரிய பலம் தோழி. மாற்றங்களைப் பதிவு செய்வது, யார் எப்போது ஒப்புதல் தந்தார் என்று வைத்திருப்பது, சுவரை மூடுவதற்கு முன் உள்ளே போகும் குழாயையும் கம்பியையும் படம் எடுத்து வைப்பது. எங்கள் முதலாளியும் முன்னாள் மென்பொருள் ஆள்தான். ஒவ்வொரு வாரமும் எஸ்டிமேட்டில் போட்ட தொகையையும் உண்மையில் செலவானதையும் தொழில்வாரியாக ஒப்பிடுவார். பிளம்பிங்கில் தொடர்ந்து குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்படித்தான் தெரிந்தது. அடுத்த எஸ்டிமேட்டிலேயே விலை மாறியது.

கரையேறியவன்

நான் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் விற்றுவிட்டு வெளியே வந்தவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இங்கே பேச்சு முழுவதும் 'எப்படி நன்றாக நடத்துவது' என்று போகிறது. நன்றாக நடத்தியும் சரிவராத இடம் உண்டு என்று சொல்லத்தான் வந்தேன்.

என் எல்லைக்குள் தலைமை நிறுவனம் அனுப்பிய விசாரிப்புகளில் பெரும்பகுதி வீட்டுக்காரர்களே இல்லை, வாடகைக்கு இருப்பவர்கள், அல்லது ஒரு குழாய் மாற்றக் கேட்பவர்கள். அத்தனைக்கும் விளம்பர நிதி கட்டினேன். அலமாரியைக் குறிப்பிட்ட சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதே பொருள் வெளியில் மலிவாகக் கிடைத்தது. அந்த சப்ளையர் தலைமை நிறுவனத்துக்குத் திருப்பித் தரும் பங்கு 8-ஆம் பகுதியில் எழுதியிருந்தது. சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பங்கு என் மார்ஜினிலிருந்துதான் போனது.

விற்க முடிவு செய்தபோது வாங்க ஆள் கிடைத்தார். அவரைத் தலைமை நிறுவனம் ஏற்க வேண்டும், மாற்றுக் கட்டணம் கட்ட வேண்டும், அவர்களே அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையும் அவர்களுக்கு. இதற்கெல்லாம் மாதங்கள் போயின, அந்த மாதங்களிலும் ராயல்டி ஓடியது. வெளியே வந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு அதே பகுதியில் இந்தத் தொழில் செய்யத் தடை. கற்றுக்கொண்ட ஒரே தொழிலை, பழகிய இடத்தில் செய்ய முடியாது. அது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ரசமட்டம்

> விசாரிப்புகளில் பெரும்பகுதி வீட்டுக்காரர்களே இல்லை

கரையேறியவன், இதை நான் மறுக்கவில்லை. எனக்கும் முதலாண்டு அப்படித்தான் வந்தன. என் அனுபவத்தில் தலைமை நிறுவனம் அனுப்பும் விசாரிப்பை வைத்து மட்டும் தொழில் நடக்காது. முடித்த வீட்டின் பக்கத்து வீட்டுக்காரர், பழைய வாடிக்கையாளரின் உறவினர் என்று வருபவைதான் இப்போது பாதிக்கு மேல். ஆனால் அந்த நிலை வரும்வரை தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும். அது இல்லாமல் இறங்கியவர்கள், திறமை இருந்தும் வெளியேறினார்கள்.

கரையேறியவன்

அதைத்தான் நானும் சொல்கிறேன். பாதிக்கு மேல் நீங்களே கொண்டுவருகிறீர்கள், அதற்கும் அதே 6 சதவீதம் போகிறது. உங்களுக்கு அது நியாயமாகப் படுகிறதா?

ரசமட்டம்

ஆரம்பத்தில் அந்தப் பெயர் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவுகூட எனக்குத் திறந்திருக்காது, அதனால் படுகிறது. பத்தாவது ஆண்டிலும் படுமா என்றால், புதுப்பிக்கும்போது அதைத்தான் பேசப்போகிறேன். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வரவுசெலவு

முன்பணத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. ஒப்பந்தமானதும் வாடிக்கையாளர் முன்பணம் தருவார். வங்கிக் கணக்கு நிறைந்திருக்கும். அது உங்கள் வருமானம் அல்ல. அவருடைய வீட்டை முடித்துத் தர வேண்டிய கடன். அந்தப் பணத்தில் முந்தைய வேலையின் பாக்கியைக் கட்டி, அடுத்த முன்பணத்தில் இந்த வேலையை முடித்து என்று ஓட்டுபவர்கள், ஒரு மாதம் புது ஒப்பந்தம் வராவிட்டால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நிறுவனம் மூடி, பாதி உடைத்த சமையலறையோடு குடும்பங்கள் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான். இதனாலேயே சில இடங்களில் முன்பணத்துக்கு வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்புக்கு 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அங்கே பொருளுக்கான பணம் உங்கள் கையிலிருந்துதான் முதலில் போகும்.

ஒவ்வொரு மாத முடிவிலும், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை சதவீதம் முடிந்தது, எவ்வளவு பணம் வாங்கியிருக்கிறோம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முடித்ததை விட அதிகம் வாங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தைத் தொடாமல் வையுங்கள். தவணைகளையும் வேலையின் கட்டங்களோடு கட்டிப் போடுங்கள். சாந்துக்கரண்டி சொன்ன கண்ணாடிக் கதவு இங்கேயும் வருகிறது. கடைசித் தவணை பெரிதாக இருந்து, கதவு மட்டும் வராமல் இருந்தால், உங்கள் லாபம் முழுவதும் அந்தக் கதவில் தொங்கும். கதவுக்கு முன்பே ஒரு தவணை வைத்து, கடைசியில் சிறு தொகை மட்டும் நிற்கும்படி எழுதுங்கள்.

மாலைக்காற்று

என் கணவர் நடத்துகிறார், அலுவலகம் நான் பார்க்கிறேன். தரவுக்காரி, வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று உண்டு: சம்பளம் இல்லாமல் குடும்பம் எவ்வளவு காலம் ஓடும்? அலுவலகம் கட்டிய மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம், விடுமுறை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். சேமிப்பை இரண்டாகப் பிரித்து, தொழிலுக்கானது இது, வீட்டுக்கானது இது என்று தனித்தனிக் கணக்கில் போட்டோம். வீட்டுக் கணக்கைத் தொழிலுக்காகத் தொட வேண்டி வந்தால் அன்று நிறுத்துவது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அந்தப் பேச்சு முன்பே நடந்ததால்தான், கஷ்டமான காலத்திலும் எங்களுக்குள் சண்டை வரவில்லை. மாலைகளும் சனிக்கிழமைகளும் போவதைப் பற்றியும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தரவுக்காரி

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. மாலைக்காற்று அக்கா சொன்ன இரண்டு கணக்கு ஏற்பாட்டைப் பற்றி வீட்டில் நேற்றே பேசிவிட்டோம்.

நான் செய்யப்போவது இது. கையெழுத்தைத் தள்ளிவைத்துவிட்டேன், பிரதிநிதிக்கு வருத்தம்தான். 20-ஆம் பகுதியில் உள்ள, வெளியேறியவர்களை முதலில் அழைக்கப்போகிறேன். எப்போது உங்களுக்கென்று முதல் சம்பளம் எடுத்தீர்கள், தலைமை நிறுவனம் அனுப்பிய விசாரிப்பில் எத்தனை ஒப்பந்தமானது, உங்கள் டைல்ஸ் மேஸ்திரி எத்தனை காலம் உங்களோடு இருந்தார், எஸ்டிமேட்டுக்கும் நிஜச் செலவுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு, இன்று என்றால் மறுபடி வாங்குவீர்களா என்று கேட்பேன். பிறகு இப்போது நடத்துபவர்கள் சிலரிடம், அவர்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் மாலைகளில் கூட வர அனுமதி கேட்பேன். அந்தச் சாப்பாட்டு மேசை எனக்கு ஒத்துவருமா என்பதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது.

சாந்துக்கரண்டி சார், உங்களைப் போன்றவர்களோடு கொஞ்ச காலம் வேலையிடத்தில் நின்று பார்க்க ஆசை. யாராவது சேர்த்துக்கொள்வார்களா?

சாந்துக்கரண்டி

சேர்த்துக்கொள்வார்கள் மேடம். சம்பளம் கேட்காமல், தூசு பார்க்காமல் வருகிறேன் என்று சொன்னால் சின்ன ஒப்பந்தக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் காப்பீடு உங்களுக்கும் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். உடைக்கும் நாளிலும் கசிவுத் தடுப்பு நாளிலும் கட்டாயம் போங்கள், டைல்ஸ் ஒட்டும் நாளைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த இரண்டு நாளில்தான் தெரியும்.

பத்தி_பதினேழு

உங்கள் கேள்விகளோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியேறியவர்கள் பேசத் தயங்கினால், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் இருந்தால் 20-ஆம் பகுதியே அதைச் சொல்ல வேண்டும், ஒத்துப் பாருங்கள். அடுத்தது, குறைந்தபட்ச ராயல்டியை முதல் ஆண்டில் கேட்காமல் தள்ளிவைக்கவும், தொழிலை மூடினால் சொந்த ஜாமீனுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கவும் எழுத்தில் கேளுங்கள். மறுக்கலாம். சிலர் முதலாவதையாவது ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தத்தோடு இணைக்கும் திருத்தப் பக்கத்தில் வர வேண்டும், பிரதிநிதியின் மின்னஞ்சலில் இருந்தால் போதாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'இதில் எழுதாத எந்த வாக்குறுதியும் செல்லாது' என்றொரு பத்தி இருக்கும்.